கொசுத்தலை

மழை விட்டு அரை மணி நேரமாகியும் கருணாகரன் குடையை மடக்கவில்லை. கல்லூரி வாசலிலிருந்து கேன்டீன் வரைக்கும் வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. கர்க்கடகம் என்னும் ஆடி மாதத்தில் அப்படியொரு வெயில் கிடைத்தால் மனிதர்கள் துணி உலர்த்துவார்கள், மிளகு உலர்த்துவார்கள், ஒன்றும் இல்லாதவர்கள் தங்களையே உலர்த்திக்கொண்டு நிற்பார்கள். கருணாகரன் மட்டும் கறுப்புக் குடையைக் காது வரைக்கும் இறக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகப் பதுங்கிப் பதுங்கி நடந்தார். தூங்குமூஞ்சி மரத்தின் மேலிருந்து ஒரு காக்கை கூப்பிட்டது. இன்னொன்று பதில் சொன்னது. அடுத்த நிமிடம் பதினைந்து இருபது காக்கைகள் குடைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தின. ஒன்று இறங்கிவந்து குடைத்துணியில் டொக்கென்று கொத்திவிட்டுப் போனது. வராந்தாவில் நின்ற மாணவிகள் சிரித்தார்கள். கருணாகரன் சிரிக்கவில்லை. வாவுக்கு, அதாவது ஆடி அமாவாசைக்கு, இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

கேரளத்தின் தென்கோடியில் செங்கல், காரோடு என்ற இரண்டு ஊர்களுக்கு இடையில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு மேட்டின்மேல் இருக்கிறது அந்தக் கல்லூரி. கருணாகரன் அங்கே துப்புரவு மேற்பார்வையாளர். மேற்பார்வை என்பது பெயரில் மட்டும்தான். அவருக்குக் கீழே இருப்பது இரண்டு விளக்குமாறும் ஒரு தள்ளுவண்டியும். மூன்று வாரத்துக்கு முன்பு நூலகத்தின் பின்னால் முதல் காக்கை செத்துக் கிடந்தபோது அவர் செய்த காரியம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். சாதாரணமாக என்றால் ஒரு குழி தோண்டிப் போட்டுவிட்டுக் கை கழுவியிருப்பார். ஆனால் அதற்கு முந்தைய வாரம்தான் முதல்வர் கூட்டம் போட்டு, வளாகத்தில் எது நடந்தாலும் உடனே தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். கருணாகரன் சொன்னதைச் செய்கிறவர். காக்கையின் வாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, மைதானத்தைக் கடந்து, கொடிமரத்தைச் சுற்றி முதல்வர் அறைக்குப் போனார். முதல்வர் மூக்கைப் பொத்திக்கொண்டு, விலங்கியல் துறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். விலங்கியல் துறை வளாகத்தின் மறுகோடியில், அதுவும் மாடியில். ஆக, செத்த காக்கையைக் கையில் தொங்கவிட்டபடி கல்லூரி முழுவதையும் ஒரு வலம் வந்தார். மரங்களில் இருந்த காக்கைகள் அத்தனையும் அதைப் பார்த்தன.

விலங்கியல் துறையின் லிஷா டீச்சர், எலும்புக்கூடுகளோடு பதினாறு வருடம் குடித்தனம் நடத்தியவர், அந்தக் காக்கையைக் கண்டதும் நாற்காலிமேல் ஏறிவிட்டார். கீழே போடுங்கள், கையை மூக்கில் வைக்காதீர்கள், சோப்புப் போடுங்கள், இரண்டு முறை போடுங்கள் என்று நாற்காலியில் நின்றபடியே உத்தரவிட்டார். பிறகு ஆரோக்கிய கேந்திரத்துக்கு அவரே போன் செய்தார். பக்கத்துப் பஞ்சாயத்தில் ஒருவருக்கு வெஸ்ட் நைல் என்னும் காய்ச்சல் வந்திருந்த சமயம். சாயங்காலமே ஜெயன் என்கிற இளம் சுகாதார ஆய்வாளர் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். அந்த வைரஸ் பறவைகளின் உடம்பில் இருப்பது, பறவையைக் கடித்த கொசு மனிதனைக் கடித்தால் மனிதனுக்கும் வருவது, காக்கைகள் கூட்டமாகச் செத்தால் அது ஊருக்கு முன்கூட்டியே அடிக்கும் மணி என்றெல்லாம் விளக்கினார். இனி எந்தப் பறவை செத்துக் கிடந்தாலும் வெறுங்கையால் தொடக் கூடாது. கையுறை போட வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையே கையில் மாட்டிக்கொண்டு பறவையைப் பிடித்து, பையை அப்படியே உள்ளும் புறமுமாகப் புரட்டிக் கட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டு மறுபடி கட்ட வேண்டும். செத்து ஒரு நாள் ஆகாதது என்றால் ஐஸில் வைத்து அவருக்குச் சொல்லியனுப்ப வேண்டும். அழுகிவிட்டால் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும்.

கடைசியில் கருணாகரனின் முகத்தில் இருந்த கலவரத்தைப் பார்த்துவிட்டு, ஜெயன் அவருடைய தோளில் தட்டிச் சொன்னார்.

"பயப்படாண்டாம் சேட்டா. காக்கா பாவம். கொசுவாக்கும் குற்றவாளி."

அந்த ஒரு வாக்கியத்தைக் கருணாகரன் மனதில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார்.

அடுத்த பத்துப் பதினைந்து நாளில் இன்னும் மூன்று காக்கைகள் செத்தன. கருணாகரன் மூன்றையும் சட்டப்படி எடுத்தார். கையுறை, முழுக்கைச் சட்டை, இரண்டு பை, எதிலும் குறை இல்லை. கழிவுத்தொட்டியின் காற்றுக்குழாய் வாய்களுக்கெல்லாம் வலை கட்டினார். அழுக்குத் தண்ணீரில் பெருகும் கொசுதான் இந்த வேலையைச் செய்கிறது என்பதால், ஹாஸ்டல் பின்புறத்து ஓடையில் இறங்கி அடைப்பை எடுத்துவிட்டார். ஐஸுக்குக் கேன்டீன் நடத்தும் ஜெம்மாவிடம் போவார். ஜெம்மா காரோட்டுக் கடப்புறத்துக்காரி, மீனவப் பெண். அவளுடைய மீன்பெட்டியில் எப்போதும் ஐஸ் இருக்கும். ஐஸைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே அவள் ஒரு நாள் கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு எனக்குத் தாரும். கருவாடு காயப்போடுத இடத்துல கயித்துல தொங்கவிட்டா, பின்ன ஒரு காக்கா அண்டாது."

அதெல்லாம் சர்க்காருக்குச் சேர வேண்டியது, தர முடியாது என்று கருணாகரன் மறுத்துவிட்டார். ஜெம்மா விட்டுவிட்டாள். ஆனால் அவருடைய குடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இன்னொன்றும் சொன்னாள்.

"செத்த காக்காய கையில வச்சவன அது மறக்காது கேட்டேரா. எனக்க வீட்டுக்காரரு ஜஸ்டஸ் ஒருக்கா தொங்கவிட்டாரு. ரெண்டு வருஷம் தலையில தோர்த்து கெட்டாம வெளிய இறங்கல்ல."

கருணாகரன் அதைக் கடப்புறத்துக் கதை என்று ஒதுக்கப் பார்த்தார். மனசு கேட்காமல் லிஷா டீச்சரிடம் போய் விசாரித்தார். டீச்சர் ஆமாம் என்றார். வெளிநாட்டில் இதை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்களாம். செத்த காக்கையைப் பிடித்திருந்த ஆளின் முகத்தைக் காக்கைகள் வருடக்கணக்கில் நினைவு வைத்துக்கொள்ளும், பார்க்காத காக்கைகளுக்கும் பார்த்தவை சொல்லிக் கொடுத்துவிடும், அதனால் ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் முகத்துக்குப் பதில் முகமூடி மாட்டிக்கொண்டுதான் போனார்கள் என்று ஏதோ வேடிக்கை சொல்வதைப் போலச் சொன்னார். மற்றவர்களுக்கு வேண்டுமானால் வேடிக்கை. அவருக்கு இந்த வருடம் காக்கை வேண்டும்.

கர்க்கடக வாவன்று செத்தவர்களுக்குச் சோறு வைத்து, ஈரக்கையைத் தட்டிக் காக்கையைக் கூப்பிட வேண்டும். வந்து எடுத்தால் போனவர் ஏற்றுக்கொண்டார். எடுக்காவிட்டால் அவருக்கு மனதில் ஏதோ குறை. கருணாகரனின் அண்ணன் பொன்னப்பன் போன பிறகு வரும் முதல் வாவு இது. அண்ணனின் மனக்குறை என்னவென்று செங்கலில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பலாக்கொம்பு.

பலாமரம் அண்ணனின் மண்ணில் நின்றது. அதன் கொம்புகளில் ஒன்று வேலியைத் தாண்டி வந்து கருணாகரனின் ஓட்டுக்கூரைமேல் நீண்டிருந்தது. அருமையான வருக்கைப் பலா. ஏழு வருடத்துக்கு முன் ஒரு மழைநாளில் பழம் விழுந்து நான்கு ஓடு உடைந்தது. கருணாகரன் கேட்காமல் கொள்ளாமல் கொம்பை வெட்டிவிட்டார். அதில் பதினோரு பிஞ்சு இருந்தது. பொன்னப்பன் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பிள்ளைகளின் இடத்தில் அந்த மரத்தை வைத்திருந்தார் என்பது கருணாகரனுக்குக் கொம்பு கீழே விழுந்த பிறகுதான் விளங்கியது. அண்ணன் சண்டை போடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இனி உனக்க கையால ஒரு துள்ளி வெள்ளம் நான் குடிக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார்.

சொன்னபடியே நடந்தார். கல்யாண வீடுகளில் தம்பி பரிமாற வந்தால் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவார். தம்பி எதிர்வரிசையில் சாப்பிட உட்கார்ந்தாலோ, நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இலையை மடியில் ஏந்திக்கொண்டு, முதுகைக் காட்டியபடி பாயசம் வரைக்கும் சாப்பிடுவார். ஊர் அதைப் பார்த்துப் பார்த்துப் பழகி, பொன்னப்பனுக்கு ஓரத்து நாற்காலி போடுவதையே ஒரு மரியாதையாகச் செய்துவந்தது. கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கருணாகரன் ஒரு கரண்டி கஞ்சியை வாய்க்கு அருகே கொண்டுபோனார். அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அந்தக் கரண்டிக் கஞ்சியை என்ன செய்வதென்று தெரியாமல் கருணாகரன் கிண்ணத்திலேயே திரும்ப ஊற்றினார். மூன்றாம் நாள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். கஞ்சி கிண்ணத்தில் விழுந்த அந்தச் சின்னச் சத்தம் மட்டும் கருணாகரனை விட்டுப் போகவில்லை. தப்பு செய்தவன் தப்பு என்று சொல்லாமலே இருந்துவிட்டால் அப்படித்தான், ஏதாவது ஒரு சத்தம் கூடவே வரும்.

அவர் மனைவி பிரேமகுமாரி எதையும் பிரச்சினையாகப் பார்க்கத் தெரியாதவள். கல்லூரிக் காக்கைகள் அரைக் கிலோமீட்டர் பறந்துவந்து இப்போது அந்தப் பலாமரத்திலேயே உட்கார்ந்து, காலையில் கருணாகரன் பல் தேய்க்க வெளியே வந்ததும் கூச்சல் போடத் தொடங்கியிருந்தன. அவள் கொல்லையில் மத்தித் தலையை எறிந்தால் வந்து தின்னும். அவர் எறிந்தால் திரும்பியும் பார்க்காது. அதனால் வாவன்று தான் சோறு வைப்பதாகவும் அவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டால் போதும் என்றும் யோசனை சொன்னாள். அது முடியாது, என் கையால் வைத்தால்தான் கணக்கு என்று அவர் முறைத்தார். சரி, பொழியூர்க் கடற்கரைக்குப் போகலாம், அந்தக் காக்கைகளுக்கு உங்களைத் தெரியாதே என்றாள். அங்கே ஆயிரம் இலை கிடக்கும், காக்கை வயிறு முட்டத் தின்றுவிட்டு யார் யாருடைய இலையிலோ வாய் வைக்கும், அதில் அண்ணன் எது என்று எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். உண்மையான காரணம் அது இல்லை. ஏழு வருடம் இந்த முற்றத்தில் கால் வைக்காத ஆளை இந்த முற்றத்துக்குத்தான் கூப்பிட வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். இருவருக்கும் ஒரே அப்பன்தானே.

முகமூடி யோசனை இப்படித்தான் வந்தது. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்ட அறையின் மூலையில், போன வருட டெங்கு விழிப்புணர்வு நாடகத்துக்குச் செய்த கொசுத்தலை ஒன்று கிடந்தது. பெரிய மூங்கில் கூடையைக் கவிழ்த்துக் கறுப்புத் துணி ஒட்டி, டீ வடிகட்டி இரண்டைச் சிவப்பு அடித்துக் கண்ணாக வைத்து, மூக்குக்கு மூன்றடி பிளாஸ்டிக் குழாய் பொருத்தியிருந்தார்கள். ஐந்தாவது காக்கை விழுந்த அன்று, ஆள் வரும் முன்னே காலை ஆறரை மணிக்கு, கருணாகரன் அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். கொசுதான் குற்றவாளி என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அப்படியானால் பழியும் கொசுவின் தலையிலேயே போகட்டும். இதில் யாருக்கும் ஒரு அநியாயமும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

ஒரு ஆள் உயரக் கொசு, கையுறை மாட்டிய கையால், செத்த காக்கையைப் பைக்குள் புரட்டிக் கட்டியதைத் தூங்குமூஞ்சி மரத்துக் காக்கைகள் பார்த்தன. அவை அன்று போட்ட கூச்சலில் ஹாஸ்டலில் விளக்குகள் எரிந்தன. கருணாகரன் வேலையை முடித்து, கொசுத்தலையைப் பம்ப் அறைக்குள் வைத்துக் கழற்றி, பிளீச்சிங் கரைசலால் கழுவித் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். சுத்த விஷயத்தில் அவரிடம் யாரும் குறை காண முடியாது. ஆறாவது, ஏழாவது, எட்டாவது, ஒன்பதாவது காக்கைகளையும் கொசுவே எடுத்தது. அதன் பலனும் தெரிந்தது. முதலில் குடையைக் கொத்துவது நின்றது. பிறகு வட்டமிடுவது நின்றது. அவர் மத்தித் தலையை வைத்துவிட்டு இருபதடி தள்ளி நின்றால் ஒன்றிரண்டு இறங்கி வரவும் செய்தன. வாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது கருணாகரன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலை நிமிர்ந்து மைதானத்தைக் குறுக்காகக் கடந்தார். மரத்திலிருந்து ஒரு காக்கை அவரை ஒரு தடவை பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தது. அவருக்குச் சந்தோஷத்தில் விசிலடிக்கத் தோன்றியது. அடிக்கத் தெரியாததால் இருமிக்கொண்டார்.

அந்த நிம்மதி மூன்று நாள்தான். அனுப்பிய காக்கைகளில் ஒன்றின் உடம்பில் வைரஸ் இருந்ததாக முடிவு வந்தது. மனிதர் யாருக்கும் வரவில்லை, எல்லாம் நேரத்தோடு கண்டுபிடித்ததால்தான் என்று ஜெயன் பாராட்டினார். முதல்வர் அந்தப் பாராட்டை விழாவாக்கிவிட்டார். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரியை அழைத்து, மைதானத்தில் கொசு ஒழிப்பு ஊர்வலமும் நாடகமும் ஏற்பாடு செய்தார். விழா நாளன்று வாவுக்கு மூன்று நாளே இருந்தது. மாணவர்களுக்குப் பரீட்சை என்பதால் கொசு வேடம் போட ஆள் இல்லை. உடற்கல்வி ஆசிரியர் ரதீஷ் சார், ஆறடி ஓரங்குல உயரமும் அதற்கேற்ற மீசையும் உள்ளவர், நான் போடுகிறேன் என்று தாமாக முன்வந்தார்.

கருணாகரன் சொல்லியிருக்கலாம். சொல்வதற்காக நான்கு முறை வாயைத் திறந்தார். ரதீஷ் சார் கொசுத்தலையை முகர்ந்து பார்த்து, இதில் என்ன ஆஸ்பத்திரி வாசம் என்று கேட்டபோது கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், கல்லூரிப் பொருளை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ஏன் திரிந்தாய் என்ற கேள்வி வரும். அதற்குப் பதில் சொல்லப்போனால் காக்கை வரும், வாவு வரும், அண்ணன் வருவார், பலாக்கொம்பு வரும். ஐம்பத்துநாலு வயது ஆள் முதல்வர் அறையில் நின்று சொல்லக்கூடிய கதையா அது. மழை பெய்தால் நாடகம் நின்றுவிடும் என்று மேகத்தைப் பார்த்தார். இரண்டு நாளாக விடாமல் பெய்த மழை அன்று பார்த்து ஓய்ந்திருந்தது.

மேடையில் அதிகாரி பேசி முடித்தார். மைதானத்தின் நடுவில் ஒரு கொசுவலைக்குள் இரண்டு மாணவிகள் தூங்குவதாகப் படுத்திருந்தார்கள். ஜெயன் புகையடிக்கும் இயந்திரத்தோடு ஓரத்தில் தயாராக நின்றார். ரதீஷ் சார் கொசுத்தலையை மாட்டிக்கொண்டு, கைகளை விரித்து, ஙொய்ங் என்று ஒலியெழுப்பியபடி மைதானத்துக்குள் பறந்து வந்தார். பத்தடிதான் பறந்திருப்பார். தூங்குமூஞ்சி மரம் மொத்தமாக எழுந்து அவர்மேல் இறங்கியது.

முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். பறவைகள் கொசுவைப் பழிவாங்குகின்றன, என்ன அருமையான கற்பனை என்று அதிகாரி முதல்வரிடம் சொன்னார். முதல்வர் ஒன்றும் புரியாமல் நன்றி சொன்னார். காக்கைகளைப் பழக்கியது யார் என்றும் அதிகாரி கேட்டாராம். கொசு ஓடத் தொடங்கியது. ரதீஷ் சார் பல்கலைக்கழக ஓட்டத்தில் பதக்கம் வாங்கியவர். அந்த வேகம் இத்தனை வயதிலும் அவரிடம் இருந்தது என்பதைக் கல்லூரி அன்றுதான் அறிந்தது. மைதானத்தை ஒரு சுற்று முழுதாக ஓடினார். வடிகட்டிக் கண் வழியாகப் பாதை சரியாகத் தெரியாமல் வாலிபால் வலைக்குள் பாய்ந்தார். மூன்றடி மூக்கு வலையில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. நாற்பது ஐம்பது காக்கைகள் அவரை முறை வைத்துக் கொத்தின. கைதட்டல் மெல்ல நின்றது. உள்ளேயிருந்து கேட்டது நாடகத்தின் வசனம் இல்லை என்பது கூட்டத்துக்குப் புரிந்துவிட்டது.

கருணாகரன் குடையோடு பம்ப் அறை வாசலில் நின்றிருந்தார். பேசாமல் நின்றிருந்தால் போதும், காக்கைகளின் கோபம் முழுவதும் கொசுவோடு போய்விடும், மூன்றாம் நாள் அண்ணன் வந்து சோறு எடுத்துவிடுவார். அவர் அதை நினைத்தார். நினைத்ததற்காக அந்த நிமிடமே வெட்கப்படவும் செய்தார். தன் மேல் விழ வேண்டிய கொத்தை ஒரு பாவப்பட்ட மனிதன் வாங்கிக்கொண்டிருக்கிறான். குடையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். வலையை விலக்கி, இரண்டு கையாலும் கொசுத்தலையைப் பிடித்து இழுத்துக் கழற்றினார். ரதீஷ் சார் கீழே உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். கருணாகரன் மைதானத்தின் நடுவில், வெறுந்தலையோடு, கையில் கொசுத்தலையோடு நின்றார்.

காக்கைகள் ஒரு நொடி சத்தம் போடாமல் இருந்தன. அந்த முகத்தையும் பார்த்தன, அந்தத் தலையையும் பார்த்தன. பிறகு அவற்றுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஜெயன் சமயோசிதமாகப் புகையை அடித்ததால் இருவரும் தப்பினார்கள். ரதீஷ் சாருக்குக் கூடை காப்பாற்றியதில் பெரிய காயம் இல்லை. கருணாகரனுக்கு நெற்றியில் இரண்டு பிளாஸ்டர். அதிகாரி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கொசுவின் தலையைக் கொய்த ஊழியர் என்று மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. லிஷா டீச்சர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கருணாகரனைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஒரு சின்னச் சிரிப்போடு போய்விட்டார். ரதீஷ் சார் மட்டும் பம்ப் அறைக்குத் தேடி வந்தார்.

"கருணாகரன் சேட்டா, ஒரு காரியம் கேக்கட்டா? காக்காய்களுக்கு எனக்க மேல உள்ள கோபம் இல்லல்லா?"

"இல்ல சாரே. எனக்குள்ளதாக்கும். நீங்க வாங்கிட்டீங்க."

முழுக் கதையையும் அவரிடம் சொன்னார். பலாக்கொம்பு வரைக்கும் சொன்னார். ரதீஷ் சார் கோபப்படுவார் என்று நினைத்தார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்துவிட்டு, கொம்பு வெட்டியதற்கு அண்ணனிடம் எப்போதாவது மன்னிப்புக் கேட்டதுண்டா என்று மட்டும் கேட்டார். கருணாகரன் பம்பின் சுவிட்சைப் போட்டு அணைத்தார்.

வாவன்று விடிந்தபோது மழை இல்லை. கருணாகரன் முந்தைய நாள் ஒரு வேளைச் சோற்றோடு விரதம் இருந்திருந்தார். குளித்து, ஈர வேட்டியோடு முற்றத்துக்கு வந்தார். பலாமரத்தில் காக்கைகள் நிறைந்திருந்தன. நூலகத்துக் காக்கை, கேன்டீன் காக்கை, ஹாஸ்டல் காக்கை எல்லாம் வந்திருந்தன. அவர் தலையைக் கண்டதும் தொடங்கிவிட்டன. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரவர் பலிச்சோற்றுச் சடங்கை முடித்துவிட்டு வேலியோரம் வந்து நின்றார்கள். பத்திரிகையில் படம் வந்த பிறகு அவர் வீட்டுக் காரியத்தில் எல்லோருக்கும் அக்கறை வந்திருந்தது. பிரேமகுமாரி ஒரு தோர்த்துத் துண்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். ஜஸ்டஸைப் போல முகத்தை மூடிக் கட்டிக்கொண்டு வைக்கும்படி ஜெம்மா சொல்லியனுப்பியிருந்தாள்.

கருணாகரன் தோர்த்தை வாங்கவில்லை.

"ஏழு வருஷம் அவரு எனக்கு முகம் காட்டல்ல பிள்ளே. இப்பம் நானும் மறைச்சா, பின்ன யாருதான் யாரப் பாக்கது?"

நுனியிலையை விரித்தார். எள்ளும் உணக்கலரி என்னும் பச்சரிசிச் சோறும் சேர்த்து உருட்டிய உருண்டைகளை வைத்தார். தண்ணீர் விட்டார். நாலடி பின்னால் நகர்ந்து, ஈரக்கையை மூன்று முறை தட்டினார். ஒரு காக்கை வந்தது. இலைக்கு வரவில்லை, நேராக அவர் தலைக்கு வந்து, பழைய பிளாஸ்டர்மேலேயே ஒரு கொத்துக் கொத்திவிட்டுப் போனது. வேலியோரத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மறுபடி தட்டினார். இன்னொன்று வந்து கொத்தியது. அவர் கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தகுதியான கொத்துதான் என்று அவருக்குத் தோன்றியது. அரை மணி நேரம் ஆனது. உருண்டைகள் மேலே காய்ந்து வெடிக்கத் தொடங்கின. ஆஸ்பத்திரிக் கட்டிலும் கரண்டியும் அவர் கண் முன்னால் வந்தன.

அவர் பலாமரத்தைப் பார்த்தார். வெட்டிய கொம்பின் மொட்டையில் இந்த ஏழு வருடத்தில் விரல் தடிமனில் நான்கைந்து புதுத்தளிர்கள் கிளம்பியிருந்ததை அன்றுதான் கவனித்தார். வேலியில் நின்றவர்களை அவர் மறந்துவிட்டார்.

"அண்ணா, அந்தக் கொம்பு வெட்டினது எனக்க தப்பாக்கும்" என்றார். "கேட்டிருக்கணும். கேக்கல்ல."

யாரும் சிரிக்கவில்லை. மரத்திலும் சத்தம் கொஞ்சம் குறைந்தாற்போல இருந்தது. அல்லது அவருக்கு அப்படிப் பட்டது. அவர் மறுபடி கையை நனைத்துத் தட்ட உயர்த்தினார். அப்போது அந்த மொட்டைக்கொம்பில் உட்கார்ந்திருந்த ஒரு கிழட்டுக் காக்கை, இறகு ஒன்று தொங்கலாக இருந்தது அதற்கு, வேலியின் மேல் இறங்கியது. அங்கிருந்து அண்ணனின் பக்கம் ஒரு தரம் பார்த்தது, தம்பியின் பக்கம் ஒரு தரம் பார்த்தது. பிறகு முற்றத்தில் குதித்து, தத்தித் தத்தி இலையருகே வந்தது. காக்கை தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவரை ஏற இறங்கப் பார்த்தது. அந்தப் பார்வையில் ஒரு துளி சிநேகம் இல்லை.

அது நடந்து வந்து அவருக்கும் இலைக்கும் நடுவில் நின்றது. மெதுவாகத் திரும்பியது. அவருக்கு முழு முதுகையும் காட்டிக்கொண்டு, குனிந்து சோற்றை எடுத்தது.

அவருக்குப் பின்னால் பிரேமகுமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்கக் கருணாகரனுக்குத் துணிச்சல் இல்லை. தட்டுவதற்காக உயர்த்திய கைகள் அப்படியே நின்றன. விரல் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தூறல் ஆரம்பித்தது. மேலேயிருந்து மற்றக் காக்கைகள் கத்திக் கூப்பிட்டன. அது போகவில்லை. வால் மேலும் கீழுமாக ஆட, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல், இரண்டாவது உருண்டைக்கு நகர்ந்தது.